கேமராவுக்குச் செக்கிங் கற்றுக்கொடுப்பவர்கள்

திருப்பூர், கோவை, கரூர் வட்டாரத்தில் தொழில் அமைப்புகள் நடத்தும் கருத்தரங்கு எதற்குப் போனாலும் இப்போது 'மனிதரை மையமாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவு' என்ற பேச்சு காதில் விழுகிறது. பெரிய ஆலைக்காரர்கள் ஆளைக் குறைக்க ஏஐ வாங்கட்டும், நம் சிறு கம்பெனிகளில் அது ஆளுக்குத் துணையாக வரட்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். மேடையில் மூன்று உறுதிகள் தரப்படுகின்றன: ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்த மாட்டோம், எல்லோருக்கும் பயிற்சி தருவோம், கடைசி முடிவு மனிதர் கையில்தான் இருக்கும். 2025 நவம்பரில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட ஏஐ நெறிமுறைகளின் ஏழு கோட்பாடுகளில் ஒன்றும் 'மக்களுக்கே முதலிடம்' என்கிறது. முதலாளிகள் இந்த உறுதிகளை மனமாரத்தான் தருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டே பேசுகிறேன். அப்போதும் இந்த ஏற்பாடு பழுதானது. கருவி யாருடைய வேலைக்குள் நுழைகிறதோ, அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது மூன்று உறுதிகளில் ஒன்றில்கூட இல்லை.

நன்மைகளை நான் மறுக்கவில்லை. இருபது மிஷின் போட்டு எக்ஸ்போர்ட் செய்பவர், ஜெர்மனியில் இருக்கும் பையருக்குப் பிசகில்லாத ஆங்கிலத்தில் பதில் எழுத இனி யாரையும் தேடிப் போக வேண்டாம். பக்கம் பக்கமாக வரும் ஆர்டர் ஷீட்டில் லேபிள் எங்கே வர வேண்டும், பாலிபேக் என்ன அளவு என்பதைத் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது காசுக்குக் காசு கணக்குப் பார்த்த கம்பெனிகளுக்கு இது சின்ன உதவியல்ல. ஆபீஸ் மேசையில் கருவியைக் கையாள்பவரும் அதனால் பலன் பெறுபவரும் பெரும்பாலும் ஒருவரே. அதனால் அங்கே எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. மேசையை விட்டு இறங்கிக் கருவி புரொடக்‌ஷனுக்குள் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தைத்த ஆடையில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங்கை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். டெய்லரைவிடக் கூலி குறைவு. வெறும் கண்வேலை என்றுதான் அதற்கு மதிப்பு. உண்மையில் அது நாள் முழுக்கத் தீர்ப்புச் சொல்லும் வேலை. துணியில் வேறு நிறப் பஞ்சு ஏறியிருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும், பீஸ் தப்பித்துவிடும். எண்ணெய்க் கறையை மருந்தடித்து எடுத்துவிடலாம். ஊசிப் பழுதால் துணியில் விழும் நீடில் லைன் போகவே போகாது. சிறு ஓட்டை என்றால், அது சைடு தையலுக்குள் மறையும் இடமா, நெஞ்சுக்கு நேரே வரும் இடமா என்று பார்க்க வேண்டும். துணியைத் தரம் பார்க்கும் நான்கு புள்ளி முறையில், மூன்று அங்குலம் வரையுள்ள குறைக்கு ஒரு புள்ளி, ஒன்பது அங்குலத்தைத் தாண்டினால் நான்கு புள்ளி என்று கணக்கு உண்டு. எந்தப் பையர் எதைப் பொறுத்துக்கொள்வார், எந்த டையிங்கிலிருந்து வரும் லாட்டில் திட்டுத் திட்டாக நிறம் விழும், எந்த ஓவர்லாக் மிஷினில் தையல் விட்டுப்போகும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. டேபிளில் வருடக்கணக்காக நின்ற பெண்ணுக்குத்தான் அது தெரியும்.

நிட்டிங் மிஷினிலேயே கேமரா பொருத்தி, ஓட்டை விழுந்தவுடன் மிஷினை நிறுத்தும் கருவிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. நூல் வீணாகாமல் தடுக்கும் அவற்றை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. தைத்து முடித்த பீஸைப் பார்க்கும் கேமராவின் கதை வேறு. எது குறை என்று அதற்கு யாராவது காட்டித்தர வேண்டும். படம் படமாக எடுத்து இது பாஸ், இது ஆல்டர், இது ரிஜெக்ட் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். குறித்துக் கொடுப்பவர் அதே செக்கிங் பெண்தான். கம்பெனி அவருக்குப் பயிற்சி தருவதாகச் சொல்கிறது. நடப்பதோ அவர் கருவிக்குப் பயிற்சி தருவது. ஷிப்ட் கூலியிலும் பீஸ் ரேட்டிலும் அந்த வேலைக்கென்று தனிக் காசு கிடையாது.

இதன் விளைவு என்ன என்பதற்கு வெளியே சான்று இருக்கிறது. எரிக் பிரின்யோல்ஃப்சன் உள்ளிட்ட மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை ஆராய்ந்து 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏஐ துணையால் வேலைத்திறன் சராசரியாக 14 விழுக்காடு கூடியது. புதியவர்களிடம் அது 34 விழுக்காடு. அனுபவசாலிகளிடம் மிகச் சொற்பம். கருவி அந்த அனுபவசாலிகளின் உரையாடல்களிலிருந்து கற்றுப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்பதே இதற்கான விளக்கம். நம் கருத்தரங்குகளில் 34 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்: பாருங்கள், புதிதாக வந்த பிள்ளை எவ்வளவு சீக்கிரம் தேறுகிறாள்! தேறட்டும், அதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பழையவரின் திறமை அவர் கையை விட்டுக் கம்பெனியின் சொத்தாகிவிட்டது. அந்த உரையாடல் தரவுக்கு ஈடாக ஊழியருக்கு ஏதாவது தர வேண்டாமா என்ற கேள்வியை அந்த ஆய்வாளர்களே எழுப்பினார்கள். இங்கே அதை எழுப்புவார் இல்லை. திருப்பூரில் ஒரு செக்கிங் பெண்ணுக்கு இருந்த ஒரே பலம், இங்கே கூலி கட்டுப்படியாகவில்லையென்றால் அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடலாம் என்பதுதான். கண்ணின் தேர்ச்சி கேமராவுக்குப் போனபின் அந்தப் பலமும் போய்விடுகிறது. அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லைதான். ஆனால் அவர் இனி யாராலும் எளிதில் ஈடுசெய்யக்கூடிய ஆள்.

கடைசி முடிவு மனிதர் கையில் என்ற உறுதியைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. கேமரா பாஸ் என்று சொன்ன பீஸைச் செக்கிங் பெண்ணும் பாஸ் செய்தால் யாரும் கேட்கப் போவதில்லை. கேமரா வேண்டாம் என்றதை அவர் பாஸ் செய்தால் அது கணினியில் பதிவாகும். பிறகு ஷிப்மெண்ட் திரும்பி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கேமரா பாஸ் செய்ததை அவர் ரிஜெக்ட் செய்தால், ஏன் புரொடக்‌ஷன் குறைகிறது என்று சூப்பர்வைசர் கேட்பார். ஷிப்ட் கூலிக்கு நிற்பவர் இந்த நிலையில் எத்தனை நாள் தன் கண்ணை நம்புவார்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உளவியல் ஆய்வாளராக இருந்த லிசேன் பெய்ன்பிரிட்ஜ் 1983-லேயே இதை எழுதிவிட்டார். சுலபமானதை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். கடினமானது மனிதருக்கு மிஞ்சும். அதைச் சமாளிக்கத் தேவையான தேர்ச்சியோ அன்றாடப் பழக்கம் இல்லாமல் தேய்ந்துபோகும் என்று காட்டினார். அவர் பேசியது விமானிகளையும் ரசாயன ஆலைக் கட்டுப்பாட்டு அறையையும் பற்றி. செக்கிங் டேபிளுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. அதிகாரம் இல்லாதவரிடம் முடிவைக் கொடுப்பது என்றால், பழியை அவரிடம் கொடுப்பது என்றே பொருள்.

இதையெல்லாம் சொன்னால் வரும் பதில் ஒன்று உண்டு: சின்னக் கம்பெனி, எல்லாரும் குடும்பம் மாதிரி, நம்ம பொண்ணுங்களுக்கு நாமே கெடுதல் செய்வோமா? இதைச் சொல்லும் முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் தாங்களே மிஷினில் உட்கார்ந்தவர்கள். விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளிகளாக வந்தவர்கள் முதலாளிகளான அந்த வரலாற்றை ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் வெளியான தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தங்கள் உயர்வுக்கு உழைப்பையே அவர்கள் காரணமாகச் சொன்னதையும் பதிவுசெய்திருக்கிறார். அவர்களுக்கு வேலையின் நெளிவுசுளிவு தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே திருப்பூரில் 1984-ல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. குடும்பப் பாசம் போதுமானதாக இருந்திருந்தால் அத்தனை நாள் அடுப்பு அணைந்திருக்காது. பாசம் நல்லதுதான், ஆனால் அதை நம்பி ஒருவர் உரிமை கோர முடியாது.

மனிதரை மையமாக வைக்கும் தொழில்நுட்பம் என்ற சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதை இந்த மேடைகளில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். அதற்காக வாழ்நாள் முழுதும் வாதாடியவர்களில் முதன்மையானவர் மைக் கூலி. பிரிட்டனின் லூகாஸ் ஏரோஸ்பேஸ் கம்பெனியில் வடிவமைப்பாளர், தொழிற்சங்கத் தலைவர். ஆட்குறைப்பு வந்தபோது, நாங்கள் இன்னின்ன பயனுள்ள பொருள்களைச் செய்து தருகிறோம் என்று அந்தக் கம்பெனித் தொழிலாளர்கள் 1976-ல் ஒரு மாற்றுத் திட்டமே தயாரித்தார்கள். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. 1981-ல் மைக் கூலி தன் வேலையை இழந்தார். அதே 1981-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கங்கள் ஆய்வாளர்களோடு சேர்ந்து உட்டோப்பியா என்ற திட்டத்தைத் தொடங்கின. பத்திரிகைப் பக்கம் அமைக்கும் கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை அட்டைப் பெட்டிகளால் மாதிரி செய்துவைத்து, அதன் முன் நின்று வேலை செய்து பார்த்துத் தொழிலாளர்களே சொன்னார்கள். கருவி வந்தபின் பயிற்சி தருவது அவர்களுடைய திட்டமல்ல. கருவி என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை முடிவு செய்யும் இடத்திலேயே அவர்கள் உட்கார்ந்தார்கள். நம் கருத்தரங்குகள் அந்தச் சிந்தனையின் பெயரை எடுத்துக்கொண்டு தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டன.

சிறு கம்பெனியில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்பார்கள். ஜெர்மனியின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து நிரந்தரத் தொழிலாளர் இருந்தாலே அவர்கள் விரும்பினால் ஒரு பணிமன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தொழிலாளரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் கருவியை வைப்பதில் அந்த மன்றத்துக்கு இணை முடிவுரிமை உண்டு. நம் நாட்டில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், இருதரப்பும் உட்காரும் பணிக்குழு 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். பணி நிபந்தனை மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் புதிய இயந்திரமோ நுட்பமோ வருவதென்றால், அது ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடியதாக இருந்தால்தான் அந்த விதி பேசும். ஒருவரையும் நிறுத்த மாட்டோம் என்று முதலாளி சொல்லிவிட்டால் தொழிலாளிக்கு முன்கூட்டித் தெரிவிக்கும் கடமையே எழவில்லை என்று வாதிட்டுவிடலாம். மேடையில் தரப்படும் முதல் உறுதி இப்படித்தான் கேள்வி கேட்கும் வாசலை மூடிவிடுகிறது.

ஆனாலும் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். அதில் பெண்களுக்கு உரிய இடம் தர வேண்டும் என்பதும் சட்டம். தனிப்பட்ட குறைகளைக் கேட்க ஏற்பட்ட குழுதான் அது. கருவி வாங்கும் முன் அதைக் கூட்டிப் பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சேர்ந்து ஊருக்கே பொதுவாகக் கூலி ஒப்பந்தம் போட்டுப் பழகிய ஊர் திருப்பூர். அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று கோரிக்கைகளைச் சேர்க்கச் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கேமராவுக்குக் குறித்துக் கொடுக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி வேண்டும். கேமராவை மறுத்துச் சொன்ன தீர்ப்புக்காக ஒருவர்மீதும் நடவடிக்கை கூடாது. டேபிளில் நிற்பவர்களின் ஒப்புதல் இல்லாமல் கருவியைப் பொருத்தக் கூடாது. இவற்றுக்கு இணங்காத கம்பெனி தாராளமாக ஏஐ வாங்கிக்கொள்ளட்டும். மனிதரை மையமாக வைத்ததாக மட்டும் அது சொல்லிக்கொள்ள வேண்டாம்.