நெறியாளருக்குப் பொன்னாடை, ஆய்வக ஊழியருக்கு?

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்குவதற்கு வெகுமுன்பே, 1985இல், இன்று பென்னலூரில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டுவிட்டது. தண்டலத்தில் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரி 1997இல் வந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனமும் ஸ்ரீபெரும்புதூரில்தான் இருக்கிறது. ஒரகடத்து டெய்ம்லரையும் ரெனோவையும் பற்றிப் பேசும் அளவுக்கு, இதே வட்டாரத்தில் எம்.இ. ப்ராஜெக்டும் பிஎச்.டி. ஆய்வும் செய்யும் மாணவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களைக் கைதூக்கிவிடுகிறவர்கள் இன்னும் எளிதாக மறக்கப்படுகிறார்கள். இதற்கு மாற்றாகக் கல்லூரிகளிடம் இருப்பது ஆசிரியர் தினத்தன்று மேடையில் ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், ‘சிறந்த நெறியாளர்’ என்று ஒரு சான்றிதழ். வழக்கம் தொடரட்டும். ஆனால் யாருடைய சாட்சியத்தைக் கேட்டு அது வழங்கப்படுகிறது என்பதை மாற்றாதவரை, பாராட்டு பெரும்பாலும் தவறான தோளில்தான் விழும்.

பாராட்டுக்கு நியாயம் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளின்படி, ஒரு மாணவர் பிஎச்.டி. பட்டம் பெற்றால் நெறியாளருக்கு ஆய்வுக் கணக்கில் 10 மதிப்பெண். ஆய்வேடு சமர்ப்பித்த நிலையில் 5. முதுநிலை ஆய்வேட்டுக்கு 2. ஒரே இயலைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கொடுத்ததற்கும், உதவித்தொகை நின்றுபோனவருக்கு வேறொரு திட்டத்தில் இடம் பிடித்துக் கொடுத்ததற்கும், குழந்தை பிறந்தபின் ஆய்வைக் கைவிட இருந்த மாணவியைத் திரும்ப அழைத்து வந்ததற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். மிச்ச நேரத்தைப் பிழிந்து அவர் செய்யும் வேலையை நிறுவனம் கண்டுகொண்டது என்று காட்ட, விருதை விட்டால் இப்போதைக்கு வேறு வழி குறைவு. நாட்டளவிலும் இந்தக் கவனம் புதிது. 1958இல் தொடங்கிய தேசிய நல்லாசிரியர் விருதின் வட்டத்துக்குள் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2023இல்தான் வந்தார்கள். அந்த ஆண்டு விருது பெற்ற 75 பேரில் உயர்கல்வித் துறையினர் 13 பேர்.

கோளாறு விருதுக்கான தேர்வு முறையில் இருக்கிறது. கையில் கிடைக்கும் அளவுகோல் எண்ணிக்கை என்பதால், அதுவே தகுதியாகிவிடுகிறது. யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். பதவி உயர உயர எண்ணிக்கையும் உயர்வதால், விருது மூத்தவர் பக்கமே சாய்கிறது. பாதியில் நின்றுபோனவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. சேர்த்த எல்லோரையும் கரையேற்றியவரும், இரண்டு மடங்கு பேரைச் சேர்த்துப் பாதிப் பேரைத் தொலைத்தவரும் அந்தப் பட்டியலில் சமம். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் ‘நாக்’ மதிப்பீடு மாணவர்–வழிகாட்டி விகிதத்தைக் கேட்டுவந்திருக்கிறது. அதற்கென்று பதிவேடுகள் நிரம்புகின்றன. காகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்பது நமக்குத் தெரியாததல்ல. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் கணக்குக் காட்டப்பட்டதாக 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் குற்றஞ்சாட்டியது. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் மறுக்கவில்லை. ஆசிரியர் கல்லூரியில் இருக்கிறாரா என்பதிலேயே பொய் சொல்லும் காகிதம், அவர் வழிகாட்டினாரா என்பதில் மட்டும் உண்மை பேசுமா?

இந்தத் தொழிற்பட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஆய்வு பல நேரங்களில் கல்லூரிச் சுவருக்கு வெளியே நடக்கிறது. எம்.இ. மாணவர் ஆலைக்குள் ப்ராஜெக்ட் செய்கிறார். பணியிலிருக்கும் பொறியாளர் பகுதிநேர பிஎச்.டி. செய்கிறார். ஆலைக்குள் நுழைய அனுமதி வாங்கித் தந்து, எந்தத் தரவை வெளியே கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்று சொல்லிக் கொடுத்து, ஷிப்டு முடிந்தபின் உட்கார்ந்து விளக்குகிறவர் அங்குள்ள ஒரு பொறியாளர். கல்லூரிப் பக்கம் பார்த்தால், பழுதான சோதனைக் கருவியை இரவோடு இரவாக ஓட வைக்கும் லேப் அசிஸ்டென்ட் இருக்கிறார். டாக்டோரல் கமிட்டிக் கூட்டத்தின் தாள்கள் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்குத் தாமதமில்லாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் அலுவலக ஊழியரும் இருக்கிறார். இவர்களுக்கு ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி கிடைக்கலாம். மேடையில் நாற்காலி கிடைக்காது. தொழிற்சாலைகளில் வழக்கமான தரவட்டங்கள் (குவாலிட்டி சர்க்கிள்) இந்த விஷயத்தில் கல்லூரிகளைவிட நேர்மையானவை. அங்கே ஒரு மேம்பாட்டுக்குப் பரிசு கிடைத்தால், மெஷினில் நிற்கும் ஆபரேட்டரையும் சேர்த்துக் குழுவே பரிசு வாங்கும்.

அப்படியானால் மாணவர்களையே வாக்களிக்கச் சொல்லலாமே என்பார்கள். பார்க்க ஜனநாயகமாகத் தெரியும். ஆனால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடும் கையைப் பற்றி, அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர் மனம் திறந்து பேச முடியாது. 2023 மார்ச்சில் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்ட மாணவர் ஒருவரின் தற்கொலைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஜி.திலகவதி தலைமையில் குழு அமைத்து விசாரித்தார்கள். பிறகு நெறியாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நெறியாளர்–மாணவர் உறவுக்குள் நடப்பது வெளியே தெரிய அங்கே ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. ‘நேச்சர்’ இதழ் 2005 முதல் வழங்கும் வழிகாட்டிகள் விருதில், வெவ்வேறு காலங்களில் பயின்று வெளியேறிய பழைய மாணவர்களின் சாட்சியமே அடிப்படை. பயப்பட இனி எதுவும் இல்லாதவர் சொல்லுக்கு எடை அதிகம். பேச வழியில்லாத இடத்தில் பாராட்டு வெறும் அலங்காரம் என்பதை இதே வட்டாரம் வேறொரு வகையில் கண்டிருக்கிறது: 2024இல் சாம்சங் ஆலையில் 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது.

விருதுகளே அரசியல், ஒழித்துவிடலாம் என்பவர்களின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் விருதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த 10, 5, 2 மதிப்பெண் பட்டியல் மட்டும். அதைவிட மோசமான நீதிபதி இல்லை. ஊழியர்கள் சம்பளத்துக்குத்தானே செய்கிறார்கள் என்ற வாதம் பேராசிரியருக்கும் பொருந்தும். ஆலைப் பொறியாளருக்கோ இதற்கென்று சம்பளமே கிடையாது.

எனவே கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆசிரியர் தினத்துக்கு முன், சில ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வை முடித்தவர்களுக்கும் பாதியில் விட்டுப் போனவர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள்: உங்களுக்கு உண்மையில் உதவியவர் யார்? பதிலில் வரும் பெயர் பேராசிரியருடையதானால் வகுப்பு நேரத்தைக் குறையுங்கள், ஊழியருடையதானால் ஊதிய உயர்வு கொடுங்கள், ஆலைப் பொறியாளருடையதானால் இணை நெறியாளர் என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். பொன்னாடை அதற்குப் பிறகு இருக்கட்டும்.