திரையின் மூலையில் ஒரு முத்திரை

கவிதையிலும் சிறுகதையிலும் உருவம் எது, உள்ளடக்கம் எது என்று நாம் ஓயாது விவாதித்து வருகிறோம். ஆனால், நாள்தோறும் வெகுஜனங்களின் கண்முன் நிற்கும் ஓர் உருவத்தின்மீது விமர்சனத்தின் பார்வை விழுவது அரிது. தொலைக்காட்சித் திரையின் மூலையிலுள்ள அலைவரிசைச் சின்னத்தையே குறிப்பிடுகிறோம். நாடகம் முடியும், செய்தி முடியும், சின்னம் மட்டும் அகலாது.

இதனை இடுவதற்கென்றே ஒரு கருவி உண்டு. நிலையத்திலிருந்து படம் வெளியேறும் வழியில், கடைசிக் கண்ணிகளுள் ஒன்றாக அது அமைந்திருக்கும். இரண்டு சமிக்ஞைகளைக் கொண்டு அது இயங்குகிறது: ஒன்று சின்னத்தின் நிறத்தையும் வடிவையும் தருவது, மற்றது, படத்தின் எப்பகுதியை எவ்வளவு மறைக்கவேண்டும் என்று பணிப்பது. சுழலும் சின்னம், கடிகாரம், திரையடியில் ஓடும் எழுத்துவரி, படத்தையே சுருக்கி ஓரங்களில் விளம்பரத்துக்கு இடம் பிடித்தல் யாவும் இத்தகைய கருவிகளின் வேலைகளே. மின்சாரம் நின்றுபோனால், இவற்றுட் பலவற்றில் உள்ள மாற்றுவழியொன்று படத்தைச் சின்னமின்றியே நேராக அனுப்பிவிடும். சின்னமின்றிப் படம் வாழும், படமின்றிச் சின்னம் வாழாது என்பதை இயந்திரமே ஒப்புக்கொள்கிறது.

வாழைச்சேனையை நினைத்துப் பார்ப்போம். 1956இல் உற்பத்தி தொடங்கிய அவ்வூர்க் கடதாசி ஆலை, வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. கடதாசிக்கும் முத்திரை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கைவினைஞர் கையாண்ட நீர்க்குறி, தாளின் உள்ளேயே பதிந்து, வெளிச்சத்திற் பிடித்தால் மட்டும் தெரிவது. செய்தவனை அது காட்டும். எழுதுபவனின் எழுத்தை மறைக்காது. தொலைக்காட்சி முத்திரையோ பிறர் உழைப்பின் முன்னால் வந்து நின்று, "இது என் உடைமை" என்கிறது.

பார்ப்பவர் நிலையத்தை இனங்காண வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். 1979இல் தொலைக்காட்சி தொடங்கிய இலங்கையில் 1982இல் ரூபவாஹினியும், 1998இல் சக்தியும், 2009இல் வசந்தமும் வந்தன. அலைவரிசைகள் பெருகுகையில் அடையாளமும் தேவையே. நமது வினா வேறு: இக்கருவியின் ஆற்றல் உடைமையாளனுக்கு மட்டுந்தானா?

2004 டிசம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. வாழைச்சேனைக் கரையும் அதற்குத் தப்பவில்லை. அன்று நாட்டில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. ஆதலால் பழியைக் கருவிமீது சுமத்தோம். ஆயினும், சவர்க்காரத்தின் பெயரைத் திரையடியில் ஓடவிடும் அதே வரி, "கரையை விட்டு அகலுங்கள்" என்ற சொல்லையும் நொடியில் ஓடவிட வல்லது.

அச்சொல் எம்மொழியில் வரும்? 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டம் ஏட்டோடு நில்லாது, திரையின் அடிவரியிலும் நடைமுறையாதல் வேண்டும். சிங்களத்தில் எச்சரிக்கை தோன்றும் அதே கணத்தில் தமிழிலும் தோன்றவேண்டும். கடற்றொழிலாளியின் குடும்பத்துக்குப் பிந்திவரும் மொழிபெயர்ப்பால் பயனில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு மாலைப்பொழுது திரையின் ஓரங்களை மட்டும் கவனிப்பார்களாக. அங்கே எது எத்தனை நிமிடம் நிற்கிறது, எம்மொழியில் நிற்கிறது, யார் நலனுக்காக நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்களாக. அந்தக் குறிப்பேட்டிலிருந்தே இத்துறையில் நமது விமர்சனம் தொடங்கவேண்டும்.