பென்டியமா, அத்லானா?

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால் வருகிறது கிருஷ்ணன்கோவில். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைப் பழக்கியது கலசலிங்கம் பல்கலைக்கழகம். 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டில் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட முடியாது. விடுதியில் அண்ணன்மார்களின் பழைய டெஸ்க்டாப்போ, மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போய் வாங்கி வந்த செகண்ட் ஹேண்ட் பெட்டியோதான் பலருக்கு முதல் கம்ப்யூட்டர். அப்படிப்பட்ட பெட்டிகளில் அடிக்கடி கண்ணில் படும் சிப்கள் இரண்டு: இன்டெலின் பென்டியம் கோல்டு ஜி5400, ஏஎம்டியின் அத்லான் 3000ஜி.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் 2 கோர், 4 த்ரெட், 4 எம்பி கேஷ், 14 நானோமீட்டர் தயாரிப்பு. பென்டியம் 2018 ஏப்ரலில் 64 டாலருக்கு வந்தது, வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ். அத்லான் 2019 நவம்பரில் 49 டாலருக்கு வந்தது, வேகம் 3.5. இடைப்பட்ட காலத்தில் ஒரு கூத்தும் நடந்தது. இன்டெலுக்குத் தன் ஆலைகளில் சிப் அடித்து முடியாத தட்டுப்பாடு வந்து, ஏழைகளின் சிப்பாக இருந்த ஜி5400-க்கு 2018 கடைசியில் ஏகக் கிராக்கி. அதே சமயத்தில் ஏஎம்டி தன் பழைய அத்லான் பெயரைத் தூசி தட்டி மறுபடியும் கடைக்குக் கொண்டுவந்தது. 2000 மார்ச்சில் இன்டெலை இரண்டே நாள் வித்தியாசத்தில் முந்தி 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்ட பெயர் அது. அதை இப்படி மலிவு வரிசைக்கு இறக்கியதில் பழைய ரசிகர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கலாம்.

அன்றாட வேலைகளில் யார் வேகம்? டேலி, எக்செல், பிரவுசரில் பத்து டேப் என்ற அளவில் பென்டியம் ஒரு இம்மி முன்னால் நிற்கும். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி கணக்குக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடை பில்லுக்கோ இது தாராளம். அங்கே வேகத்தை நிர்ணயிப்பது சிப் அல்ல, எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்கோடு விற்கும் பெட்டியை வாங்கினால் எந்தச் சிப் இருந்தாலும் காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரலாம்.

கேம் என்று வந்தால் அத்லான்தான். அதனுள் இருக்கும் வேகா 3 கிராபிக்ஸ், பென்டியத்தின் யுஹெச்டி 610-ஐவிட நன்றாகவே பலசாலி. ஆனால் இதற்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் கடன் வாங்கும். கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒரே 8 ஜிபி குச்சியைச் சொருகித் தருகிறார்கள். அதையே இரண்டு 4 ஜிபி குச்சிகளாகக் கேட்டு வாங்கினால் டூயல் சேனல் கிடைக்கும், கேம் ஓடுவதில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் கடைக்காரருக்கும் தெரியும். அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது, மாணவருக்கு அதுதான் முக்கியம்.

ஏவிஎக்ஸ் என்று ஒரு கட்டளைத் தொகுதி. ஒரே வகைக் கணக்கைப் பல எண்களின் மீது ஒரே நேரத்தில் போட உதவுவது. இன்டெல் 2011-ல் தன் கோர் வரிசைச் சிப்களில் கொண்டுவந்தது. ஆனால் பென்டியம், செலரான் என்று மலிவாக விற்றவற்றில் பல ஆண்டுகளாக அதை வேண்டுமென்றே அடைத்தே வைத்திருந்தது. ஜி5400-லும் அடைப்புதான். ஏஎம்டி அப்படிச் செய்யவில்லை. 49 டாலர் அத்லானிலும் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 இரண்டும் உண்டு.

இதனால் என்ன ஆகும் என்பதை மெஷின் லேர்னிங் பாடத்தின் முதல் வாரத்திலேயே பார்க்கலாம். பென்டியம் பெட்டியில் லினக்ஸ், பைதான் எல்லாம் ஒழுங்காக ஏறும். பாண்டாஸ் ஓடும், நம்பை ஓடும். அடுத்து டென்சர்ஃப்ளோவை பிப் மூலம் இறக்கி, 'இம்போர்ட்' என்று ஒரு வரி அடித்து எண்டரைத் தட்டினால், 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒற்றை வரி வந்து பைதானே மூடிக்கொள்ளும். எந்த வரியில் பிழை என்ற விவரம்கூட வராது. தவறு எங்கே என்று தேடி, பைதானை அழித்து மறுபடி ஏற்றி, ராத்திரி முழுக்க மாணவர் மண்டையை உடைத்துக்கொள்வார். 2018-ல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே டென்சர்ஃப்ளோவின் ஆயத்தக் கோப்புகளுக்கு ஏவிஎக்ஸ் கட்டாயம். வெப் டெவலப்மென்ட் படிப்பவரும் தப்பவில்லை, மோங்கோடிபி டேட்டாபேஸும் 5.0 பதிப்பு முதல் அதையே கேட்கிறது. மெஷின் லேர்னிங் பாடத்தை கூகுள் கோலாபில் செய்துகொள்ளலாம்தான், நெட் இருக்கும்வரை.

வாங்குமுன் கண்டுபிடிப்பது சுலபம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போனால் போதும். முதல் பக்கத்தில் 'இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' என்ற கட்டத்தில் ஏவிஎக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே பக்கத்தில் சிப்பின் மாடல் எண்ணையும் சரிபார்த்துவிடலாம், ஏனென்றால் இரண்டுக்குமே கடையில் போலி இரட்டையர் உண்டு. 'பென்டியம், நாலு த்ரெட்' என்று சொல்லி 2017-ன் ஜி4560-ஐயும், 'அத்லான்' என்று சொல்லி 200ஜிஇ-யையும் தள்ளிவிடுவார்கள். வேகத்தில் பெரிய நஷ்டமில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் ஜி5400-ம் 3000ஜி-யும் இருக்கின்றன, அந்த இரட்டையர் இருவரும் இல்லை.

மின்சாரச் சிக்கனத்தில் அத்லான் 35 வாட், பென்டியம் 50-க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து அதிகம் கணக்குப் போட வேண்டாம். டைப் அடிக்கும்போது இரண்டுமே சொற்பமாகத்தான் இழுக்கும். விருதுநகர் மாவட்டத்து மே மாத வெயிலில் கவனிக்க வேண்டியது காற்றாடியில் அடைந்த தூசியும், சிப்பின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டும்தான்.

ஆக, கடைக்கும் கணக்குக்கும் பென்டியம் குறைந்த விலைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். படிக்கிற பிள்ளைக்கு அத்லான், அதுவும் மேலே ஏற வழி இருப்பதால். ஜி5400 உட்காரும் போர்டு இன்டெலின் 9-ஆம் தலைமுறையோடு நின்றுவிடும். அத்லானின் ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், சாதாரண ஏ320 உட்பட, நாளை கையில் காசு வரும்போது 6 கோர் ரைசன் 5 5600-ஐப் பொருத்தலாம். அந்தச் சிப்பில் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு வாங்க வசதியில்லாதவர் 5600ஜி என்று கேட்டு வாங்க வேண்டும். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்தச் சிப்புக்கு ஆதரவு உண்டா என்று பார்த்துவிட்டு, பழைய அத்லான் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும், யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் கை வைக்கக் கூடாது.