கெண்டோப் பயிற்சியும் ஒழுக்கம் என்ற வாதமும்

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளைக் கராத்தே வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் பலர் முதலில் சொல்லும் நியாயம் தற்காப்பு அன்று, ஒழுக்கம். அதே நியாயத்தைத் தன் கொள்கையாகவே வகுத்துக்கொண்ட கலை, மூங்கில் வாள்கொண்டு பயிலப்படும் கெண்டோ ஆகும்; வாளின் நெறிகளால் மனிதப் பண்பைச் செம்மைப்படுத்துவதே அதன் நோக்கமென அனைத்து யப்பான் கெண்டோச் சம்மேளனம் 1975இல் அறிவித்தது. ஆகவே ஒழுக்க வாதத்தை அதன் வலுவான வடிவில் சோதிக்க விரும்புவோர் கெண்டோவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி, வரிசையாக அமர்ந்து மௌனம் காக்கும் மொக்குசோவுடனும் வணக்கத்துடனும் தொடங்கி, வெறுவெளியில் வாள் வீசும் சுபுரி, எதிரே நிற்பவரின் தலைக்கவசத்தில் நடுவிலும் இருபுறமும் மாறிமாறி அடிக்கும் கிரிகயேஷி என வளர்ந்து, இருவர் தம் விருப்பப்படி பொருதும் ஜிகெய்கோவில் முடிகிறது. கவசம் இருப்பதால் முழு விசையுடன் அடிக்கலாம். அறுபது வயதினரும் மாணவரும் எதிரெதிரே நிற்கலாம். கராத்தேயைப் பீடித்துள்ள வண்ணப் பட்டி மோகமும் இங்கில்லை. இவை மறுக்கவியலாத சிறப்புகள்.

ஆனால் இடைப்பட்ட நேரத்தை நிரப்பும் உச்சிகொமி என்ற பயிற்சியில், மொத்தொதாச்சி எனப்படும் மூத்தவர் தம் வாளை விலக்கி இடங்காட்ட, இளையவர் அவ்விடத்தை உடனே அடிக்கிறார். அடிக்கத்தக்க இடங்களோ தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை என்ற நான்கே. எங்கே அடிப்பது என்பதை விதியும், எப்போது அடிப்பது என்பதை மூத்தவரும் முடிவுசெய்துவிட்டபின், வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் மாதிரி விடையை மனனம் செய்யும் மாணவரைப்போல, இளையவருக்கு எஞ்சுவது வேகமும் உரத்த குரலுமே. இதில் வளர்வது கீழ்ப்படிவு. அதனை ஒழுக்கமென்று கொள்வது, தானே தீர்மானித்துத் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலைக் கணக்கிலெடுக்காத பிழையாகும்.

ஜிகெய்கோ இக்குறையை நீக்குகிறதே என்பார் உளர். அது உண்மையே; எனினும் கவசம் அணியும் தகுதி பெறும்வரை, பெரும்பாலும் மாதக்கணக்கில், தொடக்கநிலையினர் அதனை அணுகுவதில்லை. போட்டியிலும் அடி பட்டால் மட்டும் போதாது: குரல், நிமிர்ந்த உடல், அடித்தபின்னும் குலையாத விழிப்பான சன்ஷின் ஆகிய யாவும் பொருந்தின என்று மூன்று நடுவர்களுள் இருவரேனும் ஏற்க வேண்டும். வண்ணப்பொடி தோய்த்த கம்பு எதிராளியின் உடலில் பதித்த தடங்களை எண்ணும் பழைய சிலம்ப முறையில், தோற்றவர் தம் சட்டையைப் பார்த்துத் தாமே உண்மையை அறிந்துகொள்வார். கெண்டோவிலோ அந்த அறிவு மூத்தோரின் கண்ணிலேயே தங்கிவிடுகிறது. கொழும்பு ஆசிரியர்கள் இக்கலையிடமிருந்து எதையேனும் பெற விரும்பினால், மௌனத்தையும் வணக்கத்தையும் விடுத்து, ஜிகெய்கோவின் சுதந்திரத்தை முதல் மாதத்திலேயே மென்மையான கோலுடன் வழங்குவதே பயனுள்ளது.