பருப்பும் தடுப்பூசியும்: ஊக்குவிப்புக் கொள்கை பற்றிய ஒரு திறனாய்வு

இலவசமாகக் கிடைக்கும் தடுப்பூசியையும் மக்கள் பெறத் தயங்குவதேன்? இவ்வினாவுக்குப் பொருளியலார் அளித்த விடைகளுள் பெரிதும் எடுத்தாளப்படுவது, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ ஆகியோர் பிறருடன் இணைந்து இராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டத்தில் நடத்தி, 2010இல் வெளியிட்ட ஆய்வாகும். சிறப்பு முகாம் ஏதும் நடத்தப்படாத கிராமங்களில் 6 வீதமான குழந்தைகளே தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்றிருந்தனர். மாதந்தோறும் தவறாது முகாம் நடந்த கிராமங்களில் இது 18 வீதமாயிற்று. முகாமுடன் ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், முழுமையாகப் பெற்று முடித்தோர்க்கு உலோகத் தட்டுகளும் வழங்கிய இடங்களில் 39 வீதமாயிற்று.

தடுப்பூசியின் நன்மை நாளைக்குரியது, சிரமம் இன்றைக்குரியது. மனித மனம் இன்றைய சிரமத்தையே பெரிதாக எண்ணி ஒத்திவைக்கும். சிறு பரிசு அவ்வொத்திவைப்பை வெல்லும் என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. தடுப்பூசியை மக்கள் உள்ளூர வெறுத்திருப்பின், ஒரு கிலோ பருப்பு அவர்தம் மனத்தை மாற்றியிராது.

ஆயினும், திருகோணமலைத் துறைமுகப் பிரதேச வாழ்வோடு பொருத்தி நோக்குமிடத்து இவ்விளக்கத்தின் குறை புலப்படுகின்றது. கரைவலைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளமில்லை. பட்ட மீனிற் பங்கே அவன் கூலி. கடல் கொந்தளிக்கும் வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு காலைப்பொழுதைக் கிளினிக்கிற் கழிப்பதால் அவன் இழப்பது சொற்பமே. கடல் அமைதியுற்று மீன்படும் மாதங்களிலோ, அதே காலைப்பொழுது அன்றைய உலையரிசியாகும். மனிதன் அவனே, மனமும் அதுவே, மாறியது பொழுதின் விலை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை, நகருக்கு வருவோர் பாதைக்காகக் கரையிற் காத்துநின்றனர். அத்தாமதத்தை மனத்தின் குறையென எவரும் கூறார்.

இலங்கை, பருப்பை விலையாகக் கொடாமலே, குழந்தைத் தடுப்பூசியில் 95 வீதத்துக்கு மேற்பட்ட நிலையை எய்தியது. வீடு தேடிச் செல்லும் குடும்பநல மருத்துவமாதும் குறித்த நாளில் நடைபெறும் கிளினிக்கும் இதற்கு அடிப்படையாயின. போசாக்குக்கென வழங்கப்படும் திரிபோஷா மாவும் தாய்மாரை அங்கு ஈர்த்திருக்கலாம். ஆயின் அது ஊசிக்குரிய கூலியன்று.

உதயப்பூரில் பரிசு வழங்கிய முகாம்களிலேயே ஒரு குழந்தைக்கான செலவு குறைந்தது என்பது உண்மையே. பலர் திரண்டு வந்தமையால் தாதியின் பொழுது வீணாகவில்லை. ஆனால் அது முகாம் நடத்துவோரின் கணக்கு. மாலைவேளையில், மீன் இறங்குதுறைக்கு அருகே ஒரு கிளினிக்கை நடத்துவதும் ஊக்குவிப்பே. தாதியின் பொழுதுக்குக் கணக்கெழுதிய பொருளியல், தாயின் பொழுதுக்கும் கணக்கெழுதுதல் வேண்டும்.