மகனின் சம்பளமும் தாயின் வாடகையும்

பிரிட்டனில் வாடகைக்கு அரசு தரும் ஹவுசிங் பெனிஃபிட்டில் ஒரு பிடித்தம் உண்டு. பதினெட்டு வயது தாண்டிய மகனோ மகளோ வேலைக்குப் போய்க்கொண்டு அதே வீட்டில் இருந்தால், அவர்கள் வாடகையில் பங்கு தருவதாகக் கணக்கு வைத்து உதவித்தொகையைக் குறைத்துவிடுகிறது கவுன்சில்.

இதன் அடிப்படை நியாயமானதே. சம்பாதிக்கும் ஆள் வீட்டில் இருக்க, முழு வாடகையையும் வரிப்பணத்தில் கட்டினால், பக்கத்து வீட்டில் சொந்த உழைப்பில் வாடகை கட்டுகிறவர் என்ன நினைப்பார்? விலக்குகளும் இருக்கின்றன. முழுநேர மாணவருக்காகப் பிடித்தம் இல்லை. உதவி பெறுபவர் பார்வையற்றவராக இருந்தாலும் இல்லை.

கோளாறு, பங்கு உண்மையிலேயே வருகிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை என்பதில்தான் இருக்கிறது. மகன் ஒரு பென்னி தராவிட்டாலும் பிடித்தம் பிடித்தம்தான். வாடகை ஒப்பந்தம் தாயின் பெயரில். பாக்கி விழுந்தால் நோட்டீஸும் அவர் பெயருக்கே வரும். சம்பளச் சீட்டைக் காட்ட மகன் மறுத்தால், உச்சத் தொகையையே கவுன்சில் பிடித்துவிடலாம்.

2024-25 விகிதங்களைப் பாருங்கள். வாரம் 16 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யும் மகனின் மொத்தச் சம்பளம் வாரத்துக்கு 333 பவுண்டு என்றால் பிடித்தம் 60.95. சம்பளம் 334 ஆனால் 99.65. மகனுக்கு ஒரு பவுண்டு கூடியதற்குத் தாய் வாரம் 38.70 பவுண்டை இழக்கிறார். திருமணம்வரை பிள்ளைகள் பெற்றோருடனேயே இருக்கும் லண்டன் தமிழ்க் குடும்பங்களில் இந்த அடி நேராக விழுகிறது.

'அப்படியானால் மகன் தனியாகப் போகட்டும்' என்பார்கள். ஓய்வூதிய வயதை எட்டாத தாய், கவுன்சில் வீட்டில் இருந்தால், மகன் காலிசெய்த அறை உபரி அறையாகிவிடும். 2013-இல் வந்த விதிப்படி ஓர் உபரி அறைக்கு 14 சதவீத வாடகை கழிக்கப்படும். மகன் இருந்தாலும் வெட்டு, போனாலும் வெட்டு.

உழைக்கும் வயதினருக்காகப் பின்னர் வந்த யூனிவர்சல் கிரெடிட், இந்தப் படிக்கட்டு விகிதங்களை எடுத்துவிட்டு ஒரே தொகையாக்கியது. 2024-25-இல் மாதம் 91.47 பவுண்டு. ஒரு பவுண்டால் தலைகீழாகும் நிலை போனது நல்லதுதான். ஆனால் வேலையில்லாத 22 வயது இளைஞனுக்கும், கை நிறையச் சம்பாதிப்பவருக்கும் இப்போது ஒரே பிடித்தம். அதைவிட வியப்பு, அதே திட்டத்தில் ஒரு அறையை அந்நியருக்கு வாடகைக்கு விட்டால் அந்த வருமானம் கணக்கிலேயே வராது. சொந்த மகன் தராத பணம் வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அந்நியர் தரும் பணம் வராததாகக் கொள்ளப்படுகிறது.

பங்கு கேட்பது சரி. அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பைத் தாயின் தலையில் கட்டுவது சரியல்ல. பணம் வரவில்லை என்று தாய் எழுதிக் கொடுத்தால் பிடித்தத்தை நிறுத்திவைத்து, சம்பாதிக்கும் மகனிடமே நேரடியாக வசூலிக்கும் வழியைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.