இரண்டு கற்களும் ஓர் இருட்டறையும்

ஸ்வீகாரத்தைப் பற்றி நம்மிடம் சாஸ்திரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்குகள் இருக்கின்றன. ஸ்வீகாரம் போன குழந்தை புது வீட்டில் முதல் ராத்திரி தூங்கிற்றா என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சாஸ்திரக்காரர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். ஒற்றைப் பிள்ளையைக் கொடுக்கலாமா? என்ன வயசு? என்ன கோத்திரம்? பூணூல் ஆகிவிட்டதா? ஒற்றைப் பிள்ளையைக் கொடுத்தால் செல்லும் என்று பிரிவி கவுன்சில் 1899ல் தீர்ப்புச் சொல்லி அந்தச் சண்டையை முடித்தது. 1956ன் சட்டம் பதினைந்து வயசு நிரம்பாத பிள்ளையாக இருக்க வேண்டும் என்கிறது. எல்லாம் குழந்தையைப் பற்றிய கேள்விகள்தாம். குழந்தையைக் கேட்டதாக ஒன்றுகூட இல்லை. கொள்ளி போட யார், நிலம் யாருக்கு என்பதற்கு மேல் நம் பக்கத்து மனசு போனதில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் ‘சுவீகாரப் பிள்ளை’ என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்குவதைக் கேட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டையைப் பார்க்கிறார்கள், 1718ல் கட்டிய புதிய எருசலேம் கோயிலில் சீகன்பால்குவின் கல்லறையைப் பார்க்கிறார்கள், மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அந்த ராஜவீதியில் நடக்கும்போதெல்லாம் ஞாபகம் வருவது இன்னொரு ஆள். 1762ல் அங்கே பிறந்த ஜான் காஸ்பர் கோலாஃப். அப்பா மிஷனில் பாதிரி, 1737ல் வந்து சேர்ந்தவர். பிள்ளையைச் சிறு வயசிலேயே ஒரு சிநேகிதரிடம் ஒப்படைத்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷர். பெண் துணையில்லாத வீடு. கடலோரத்தில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை நூறு கிலோமீட்டர் உள்ளே வயல்காட்டு ஊரில் வளர்ந்து, அந்த மனுஷருக்கே பிள்ளையாகி, அவர் கண்ணை மூடும்போது பக்கத்தில் இருந்து, அவர் விட்ட வேலையையே செய்து 1844ல் செத்துப்போயிற்று. தத்து என்று யாரும் சொல்லவில்லை. ஹோமமில்லை, பத்திரமில்லை. வழக்கும் இல்லை.

அந்த மனுஷர் ஷ்வார்ட்ஸ். 1750ல் தரங்கம்பாடியில் இறங்கி, 1762ல் திருச்சிராப்பள்ளிக்குப் போய், 1778ல் தஞ்சாவூரில் நிலைத்தவர். அவருமே கொடுக்கப்பட்ட பிள்ளைதான். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவருடைய தாய் செத்துப்போனாள். இவனைக் கடவுளுக்கு விட்டுவிட வேண்டும் என்று சாகுமுன் கணவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். தஞ்சாவூரில் அவர் பெயர் தெரிந்தவர்கள் சரபோஜியை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். கோலாஃபை யாருக்கும் தெரியாது. எனக்கென்னவோ இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் விஷயம் துலங்குகிறது என்று படுகிறது.

1787. அந்த வருஷம்தான் கோலாஃபுக்குத் தரங்கம்பாடியில் குருப்பட்டம். அதே வருஷம் தஞ்சாவூரில், பிள்ளை, பெண், பேரன் எல்லோரையும் சாகக் கொடுத்துவிட்டு, தானும் சாகக் கிடந்த துளஜா ராஜா, போன்ஸ்லே வம்சத்தின் வேறொரு கிளையிலிருந்து பத்து வயசுப் பையனைத் தத்தெடுத்து சரபோஜி என்று பெயர் வைக்கிறார். ஷ்வார்ட்ஸை வரவழைத்து, இவன் இனி உம்முடைய பிள்ளை என்கிற மாதிரி ஒப்படைக்கிறார். ஷ்வார்ட்ஸ் வாங்கிக்கொள்ளவில்லை. அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவில் தன்னால் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாது, பையனுடைய உயிருக்கே ஆபத்து என்றார். ராஜாவின் தம்பி அமர்சிங்கிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று யோசனை சொன்னார். நியாயமான காரணம், நியாயமான யோசனை.

தத்துப் பிள்ளைக்கு அமர்சிங் சித்தப்பா முறை. துளஜா செத்ததும் பண்டிதர்கள் கூடினார்கள்: பையன் ஒற்றைப் பிள்ளை, வயசும் தாண்டிவிட்டது, தத்து செல்லாது. கம்பெனி தலையாட்டியது. சித்தப்பா ராஜாவானார். பையனை வெளிச்சம் புகாத இடத்தில் அடைத்து வைத்தார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெற்றவர்களுக்கும் இனி அவன் பிள்ளையில்லை, எடுத்தவருக்கும் பிள்ளையில்லை என்று ஆனவன் அந்த இருட்டில் எந்த வீட்டை நினைத்துக்கொண்டு கிடந்தான்? நம் சரித்திர நாவல் உற்பத்தியாளர்கள் சுரங்கப்பாதை, ஓலை, குதிரை என்று எவ்வளவோ எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இந்த அறைக்குள் நுழைய அவர்களிடம் சாவி இல்லை, ஏனென்றால் அங்கே நடப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த அறையைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பங்கு ஷ்வார்ட்ஸ் கம்பெனிக்கு எழுதிய கடிதங்களால்தான். வாங்க மறுத்த கைதான் பிறகு எழுதிற்று. பையனைப் படிக்க வையுங்கள், வெளியே விடுங்கள், தத்து செல்லும் என்று பண்டிதர்களை மறுபடி கேளுங்கள் என்று வருஷக்கணக்காக எழுதினார். பக்தர்கள் இதைக் கருணை என்கிறார்கள். நான் அப்படி மட்டும் படிக்கவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டிருந்தால் இந்த இருட்டு வந்திருக்காதோ என்று ஒரு மனுஷன் தனக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதை அந்த விடாப்பிடியில் பார்க்கிறேன். வீட்டிலே கோலாஃப் இருக்கிறான். கேட்காமல் வந்த பிள்ளை மாதிரி வளர்ந்து நிற்கிறான். கோட்டைக்குள்ளே, கேட்டும் வாங்காத பிள்ளை. இந்த ஒப்பீடு அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா?

1793ல் பையனையும் துளஜாவின் விதவைகள் இருவரையும் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கெரிக்கே என்கிற பாதிரி படிப்புச் சொல்லிக் கொடுத்தார். எடுத்த அப்பா உடனே செத்துப்போய், எடுத்த குடும்பமே கிடைக்காமல் போனவனுக்கு, அந்தக் குடும்பத்திலிருந்து மிஞ்சியவர்கள் இந்த இரண்டு அம்மாக்கள்தாம். சொந்த ஊரை விட்டு வந்த இரண்டு ஸ்திரீகளும் ஒரு பையனும் சென்னையில் ஒரு வீட்டில். ‘வீடு’ என்ற சொல் அவன் விஷயத்தில் முதல் தடவையாகப் பொருந்துவது இங்கேதான் என்று நினைக்கிறேன். 1798 பிப்ரவரி 13ல் ஷ்வார்ட்ஸ் செத்தார். அந்த ஜூனில் சரபோஜிக்குப் பட்டம். 1799ல் கம்பெனி ஒரு உடன்படிக்கையில் ராஜ்யத்தை எழுதி வாங்கிக்கொண்டு, கோட்டையையும் ஒரு தொகையையும் விட்டுவைத்தது. தத்து செல்லும் என்று ஒப்புக்கொண்டதற்குக் கூலி.

சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஷ்வார்ட்ஸ் கோயிலில் அந்தச் சலவைக்கல் இருக்கிறது. சரபோஜி லண்டனுக்கு எழுதி, ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்தது. கட்டிலில் கிழவர். பக்கத்தில் ராஜா, கிழவரின் கையைப் பற்றிக்கொண்டு. பின்னால் நிற்கும் பாதிரி கெரிக்கே என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். ராஜாவின் ஆட்கள் சிலர். கட்டிலருகே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேர். ஃபிளாக்ஸ்மன் இவர்களில் யாரையும் கண்ணால் பார்த்ததில்லை, தஞ்சாவூருக்கு வந்ததுமில்லை. வழவழப்பான துக்கம், கிரேக்கத்து மடிப்புகள் விழும் துணி. கலை என்று பார்த்தால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் அந்தக் கை. 1787ல் சாகக் கிடந்த ஒரு ராஜா ஒரு குழந்தையை ஒப்படைத்தபோது வாங்கிக்கொள்ளாத கை அது. பதினோரு வருஷம் கழித்து, சாகக் கிடப்பவர் அவர். அந்தப் பிள்ளை அதைத் தானாக எடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். யார் யோசனையாக இருந்தாலும் சரி, இது துளஜாவின் படுக்கையைத் திருப்பிப் போட்ட காட்சி. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொள்கிறேன் என்பதுபோல. தத்து எடுப்பது எப்போதும் பெரியவர்கள்தாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே பிள்ளை அப்பாவைத் தத்து எடுத்திருக்கிறது. அவருடைய மதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சரபோஜி கடைசி வரை ஹிந்துவாகவே இருந்தார், காசி யாத்திரை போனார்.

இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அதே கோட்டைக்குள் கொஞ்சம் நடந்தால் பெரிய கோயில். அதன் திருச்சுற்றுச் சுவரில் 1803ல் சரபோஜி வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டு, போன்ஸ்லே வம்ச சரித்திரம். நீளமான, மூச்சுவிடாத எழுத்து. இன்னார் பிள்ளை இன்னார் என்று வந்துகொண்டே இருக்கிறது. பிறந்தே வாரிசானவனுக்கு இவ்வளவு நீளமாகச் சொல்லவேண்டிய அவசியம் ஏது? பண்டிதர் சபை ஒருதரம் ‘செல்லாது’ என்று சொல்லிக் கேட்ட பிள்ளைதான் வம்சம் முழுவதையும் கருங்கல்லில் ஒப்பிக்கும். சரித்திரக்காரர்கள் இதைத் தகவல் சுரங்கமாகப் பார்க்கிறார்கள்; இருக்கட்டும். எனக்கு அது, புது வீட்டில் உறவுமுறைகளைத் தப்பில்லாமல் சொல்லிக் காட்டினால்தான் சோறு கிடைக்கும் என்று நினைக்கிற குழந்தையின் குரலாகக் கேட்கிறது.

ஆக ஒரு கல்லில் சட்டப்படி அப்பா, இன்னொரு கல்லில் மனசுப்படி அப்பா. இரண்டிலும் அந்த இருட்டறை இல்லை. சலவைக்கல்லில் நிற்பவர் வளர்ந்த ராஜா, கல்வெட்டில் பேசுபவர் வம்சத்து ராஜா. அடைபட்டுக் கிடந்த பையனை இரண்டு பேருமாகச் சேர்ந்து வெளியே நிறுத்திவிட்டார்கள். இது பொய் என்று நான் சொல்லவில்லை. தன் கதையைச் சொல்லிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்த தத்துப்பிள்ளை, சொல்ல முடிந்ததைச் சொன்னார். நன்றியைச் சொல்லலாம், உரிமையைச் சொல்லலாம். மூன்றாவதற்கு அன்றைக்கு வடிவம் இல்லை. இன்றைக்கு நம்மிடம் நாவல் இருக்கிறது, சிறுகதை இருக்கிறது, கவிதையை உடைத்துப் போட்டுப் புதிதாகவும் செய்துவிட்டோம். இருந்தும் நம் கதைகளில் வளர்ப்புப் பிள்ளை வருவது பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் மச்சத்தையோ தாயத்தையோ காட்டிப் பெற்றவளிடம் போய்ச் சேர்வதற்குத்தான். வளர்த்தவளிடம் அது எந்த நாளில், என்ன சாப்பிடும்போது, எந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது என்பது நமக்கு விஷயமாகவே படவில்லை.

கோலாஃப் அந்தச் சலவைக்கல்லில் இல்லை. ஷ்வார்ட்ஸின் கடைசி நேரத்தில் நிஜமாகவே பக்கத்தில் இருந்த பிள்ளை அவர்தான். அவருக்கு அங்கே இடம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கே தோன்றியிருக்குமோ என்னவோ. கட்டிலருகே இருக்கும் மூன்று பள்ளிப்பிள்ளைகளுக்கும் பெயர் இல்லை. அடுத்த தடவை தஞ்சாவூர் போனால் ராஜாவை விட்டுவிட்டு அவர்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.